சிவப்பு மையும் சொந்தச் சொல்லும்



ஆங்கிலப் பாடம் என்றதும் பெற்றோர் பலரிடமிருந்து வரும் முதல் கேள்வி, "எத்தனை மார்க்?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "எந்த டியூஷனுக்கு அனுப்பலாம்?" என்பது. ஆங்கிலக் கட்டுரை எழுத உட்காரும் பிள்ளையின் மனத்தில் என்ன ஓடுகிறது என்ற கேள்வி மட்டும் எழுவதே இல்லை. இன்றைய கலந்துரையாடல் அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றியது.

மலேசியத் தமிழ்ப் பிள்ளை கடந்து வரும் பாதையை முதலில் பார்க்க வேண்டும். நாட்டிலுள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் ஆறாண்டுகள் தமிழே பயிற்று மொழி. மலாய் மொழியும் ஆங்கிலமும் அங்குப் பாடங்கள். தேசிய இடைநிலைப்பள்ளியில் காலடி வைத்ததும் பயிற்று மொழி மலாயாக மாறுகிறது. வீட்டில் தமிழ், வகுப்பில் மலாய், நாளைய வேலைக்கு ஆங்கிலம் என்று பதின்மூன்று வயதில் மூன்று மொழிகளைத் தோளில் சுமக்கும் பிள்ளை அது.

இதற்கிடையே கொள்கைகளும் மாறிக்கொண்டே வந்தன. 2003ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாறின. அதைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. 2016இல் இருமொழித் திட்டம் வந்தது. எஸ்.பி.எம். தேர்வில் ஆங்கிலத்தில் கட்டாயத் தேர்ச்சி என்ற திட்டமும் 2016க்கென்று பேசப்பட்டு, பின்னர் ஒத்திவைக்கப்பட்டது. பெரியவர்கள் விவாதித்துக் கொண்டிருந்த காலமெல்லாம் பிள்ளைகள் கட்டுரை எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மறக்க முடியாத நாள்

படிவம் நான்கில் பயிலும் ஒரு மாணவியை மனக்கண்ணில் நிறுத்திப் பார்க்கலாம். தந்தை லோரி ஓட்டுநர். தாயார் அதிகாலையில் நாசி லெமாக் கட்டி விற்பவர். தமிழில் அழகாக எழுதுவாள். மலாயிலும் சமாளித்து விடுவாள். ஆங்கிலக் கட்டுரை என்றால் மட்டும் கை நின்று விடும்.

வகுப்பில் ஒரு தலைப்பு கொடுக்கப்படுகிறது: "மறக்க முடியாத ஒரு நாள்." மாணவிக்கு அப்படியொரு நாள் இருக்கிறது. தாயாருக்குக் காய்ச்சல் கண்ட ஒரு காலையில், அவளே கடைக்குப் போய் நாற்பது பொட்டலங்களையும் விற்று முடித்த நாள் அது. ஆனால் அவள் அதை எழுதவில்லை. மாதிரிக் கட்டுரைப் புத்தகத்தில் இருந்த கடற்கரைச் சுற்றுலாவை எழுதுகிறாள். அதில் ஒரு நண்பன் நீரில் மூழ்குகிறான். யாரோ ஒருவர் பாய்ந்து காப்பாற்றுகிறார். வாக்கியங்கள் மனப்பாடம். பிழை ஒன்றிரண்டுதான். மதிப்பெண் நன்றாகவே வருகிறது.

அடுத்த முறை அவளுக்குத் துணிவு வருகிறது. தன் சொந்தக் கதையையே எழுதுகிறாள். தாள் திரும்பி வரும்போது பக்கம் முழுவதும் சிவப்பு மை. காலம் தவறு, ஒருமை பன்மை தவறு, எழுத்துத் தவறு. கதையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அன்று அந்த மாணவி கற்றுக்கொண்ட பாடம் என்ன? நடக்காததை எழுதினால் மதிப்பெண் உண்டு, நடந்ததை எழுதினால் தண்டனை உண்டு என்பதுதான். பாடத்திட்டத்தில் எங்குமே இல்லாத இந்தப் பாடம், ஆண்டுக் கணக்கில் மனத்தில் தங்கி விடுகிறது.

இதற்கு ஆசிரியரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. முப்பது, நாற்பது புத்தகங்களைத் திருத்தி, பாடத்திட்டத்தையும் முடித்து, பள்ளியின் மற்ற வேலைகளையும் பார்ப்பவர் அவர். மாதிரிக் கட்டுரையும் தீமையே அன்று. சொற்களே கைவசம் இல்லாத பிள்ளைக்கு அது ஊன்றுகோல். ஆனால் கால் தேறிய பிறகும் ஊன்றுகோலைக் கீழே வைக்காவிட்டால் நடை எப்போது வரும்?

பிழை எங்கிருந்து வருகிறது?

பிள்ளைகள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளில் பல, அறியாமையால் வருபவை அல்ல. அவர்களுக்குத் தெரிந்த மொழிகளிலிருந்து வருபவை. மலாயில் வினைச்சொல் காலத்திற்கேற்ப மாறுவதில்லை. "செமாலாம் சாயா பெர்கி" என்றால் நேற்றுப் போனேன் என்று பொருள். நாளையானாலும் அதே "பெர்கி"தான். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளை "எஸ்டர்டே ஐ கோ" என்று எழுதுவது இயல்பு.

தமிழில் "போகிறாள்" என்ற ஒரே சொல்லில் காலமும் உண்டு, ஆளும் உண்டு. ஆங்கிலத்திலோ "ஐ கோ, யூ கோ, தே கோ" என்று வரிசையாக வந்துவிட்டு, "ஷி" வந்ததும் "கோஸ்" என்று திரும்புகிறது. "தி" என்ற சிறு சொல்லுக்கு ஈடான தனிச்சொல் தமிழில் இல்லை. அது எங்கே வரும், எங்கே வராது என்பது தமிழ் மட்டுமே அறிந்த காதுக்கு எளிதில் புலப்படாது.

இந்தக் காரணத்தை யாராவது ஒருவர் பிள்ளைக்கு எடுத்துச் சொன்னால் போதும். "எனக்கு மூளையில்லை" என்ற எண்ணம் போய், "மூன்று மொழிகள் என்னிடம் உரசிக்கொள்கின்றன" என்ற தெளிவு வரும். முதல் எண்ணம் பிள்ளையை வாயடைக்கச் செய்யும். இரண்டாவது, அடுத்த வாக்கியத்தை எழுத வைக்கும்.

சிவப்பு மை எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பது குறித்து அறிஞர்களிடையே பெரிய விவாதமே நடந்துள்ளது. எழுத்தில் உள்ள இலக்கணப் பிழைகளைத் திருத்துவது பயனற்றது, கைவிடத் தக்கது என்று 1996இல் ஜான் டிரஸ்காட் வாதிட்டார். அவசரப்பட்டு அப்படி முடிவு கட்டக்கூடாது, தெளிவாகத் தேர்ந்தெடுத்துத் திருத்தினால் பலன் உண்டு என்று 1999இல் டானா ஃபெரிஸ் மறுமொழி கொடுத்தார். இரு தரப்பையும் கேட்ட பிறகு ஒன்று புரிகிறது. ஒரே தாளில் முப்பது பிழைகளையும் சுட்டிக்காட்டினால் பிள்ளை எதையும் பார்ப்பதில்லை. மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறது. இந்த வாரம் காலப் பிழை மட்டும், அடுத்த வாரம் ஒருமை பன்மை மட்டும் என்று பிரித்துக் கொடுத்தால் பிள்ளையால் கையாள முடியும்.

தேர்வும் இதைத்தான் கேட்கிறது

"இதெல்லாம் சரி, தேர்வுக்கு உதவுமா?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

முன்பு எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளில் ஏறக்குறைய 350 சொற்களில் ஒரு நீண்ட கட்டுரை இருந்தது. மாதிரிக் கட்டுரைகள் செழித்து வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2021ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். முதல் அமைப்பு மாறியது. வாசித்தல், எழுதுதல், பேசுதல், கேட்டல் என நான்கு தாள்கள். எழுதும் தாளுக்கு ஒன்றரை மணி நேரம். அதில் மூன்று பகுதிகள்: சுமார் 80 சொற்களில் ஒரு மின்னஞ்சல், 125 முதல் 150 சொற்களில் வழிகாட்டிக் கட்டுரை, 200 முதல் 250 சொற்களில் விரிவான எழுத்து. ஒவ்வொரு பகுதிக்கும் 20 புள்ளிகள்.

அந்த 20 புள்ளிகளும் நான்கு கூறுகளாகப் பிரிக்கப்படுகின்றன. கருத்துக்கு 5, வாசிப்பவருக்கு ஏற்பச் சொல்லும் திறனுக்கு 5, ஒழுங்கமைப்புக்கு 5, மொழிக்கு 5. அதாவது இலக்கணமும் சொல்வளமும் சேர்ந்து கால் பங்கு. மற்ற முக்கால் பங்கும், கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறாயா, படிப்பவர் மனத்தில் படுகிறதா, வரிசையாகச் சொல்லியிருக்கிறாயா என்பதற்கே. மனப்பாடம் செய்த கடற்கரைக் கதை, நண்பனின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும்போது என்ன உதவி செய்யும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

தேர்வோடு வாழ்க்கையும் முடிந்து விடுவதில்லை. அடுத்து மூவெட் தேர்வு இருக்கிறது. அதையும் தாண்டி வேலைக்கான நேர்முகத் தேர்வு இருக்கிறது. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று அங்கே கேட்பார்கள். அதற்கு எந்தக் கடையிலும் மாதிரிக் கட்டுரை கிடைக்காது. தன் கதைக்கு மதிப்பில்லை என்று பதினாறு வயதில் முடிவு செய்துவிட்ட பிள்ளை, இருபத்து மூன்று வயதில் அந்த நாற்காலியில் வாய் திறக்கத் தயங்கி உட்கார்ந்திருக்கும். நஷ்டம் மதிப்பெண்ணில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

தாய்மொழி தடையா?

ஆங்கிலம் வர வேண்டுமானால் வீட்டில் தமிழை நிறுத்த வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்கள் உண்டு. ஒரு மொழியில் வளர்ந்த சிந்தனைத் திறனும் எழுத்தறிவும் மற்றொரு மொழியைக் கற்கக் கைகொடுக்கின்றன என்பதைக் கனடாவின் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் எடுத்து வைத்தார். ஒரு நிகழ்ச்சியைத் தொடக்கம், நடு, முடிவு என்று தமிழில் கோவையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, ஆங்கிலக் கட்டுரையின் பாதி வேலை முடிந்துவிட்டது. மீதி, சொற்களும் இலக்கணமும்தான்.

ஆகவே, ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் ஆங்கிலக் கட்டுரைக்கு உதவ முடியும். "இன்றைக்கு என்னம்மா எழுதப் போற? எனக்குத் தமிழில் சொல்லு" என்று கேட்டால் போதும். "அப்புறம் என்ன ஆச்சு? ஏன் அப்படிச் செய்தாங்க?" என்று இடையிடையே கேட்டால், கருத்தும் ஒழுங்கும் அங்கேயே பிறந்துவிடும்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும், பிழைகளுக்கு முன்பாக, கதையைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதுங்கள். "நாற்பது பொட்டலமும் விற்றுத் தீர்ந்ததா? சபாஷ்!" என்ற ஒரு வரி போதும். யாரோ தன்னைப் படித்தார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். முடிந்தால், திருத்திய தாளை மறுபடி எழுதவும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள். முதல் எழுத்தே முடிவான எழுத்து என்று எந்த எழுத்தாளரும் சொல்வதில்லை. மாணவர்களுக்கு மட்டும் ஏன் அந்தச் சட்டம்?

மாணவர்களும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். நாள்தோறும் பத்து நிமிடம், யாரும் திருத்தாத ஒரு நோட்டுப் புத்தகத்தில், அன்று நடந்த ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி வாருங்கள். சொல் கிடைக்காத இடத்தில் தமிழ்ச் சொல்லையே போடுங்கள். பிறகு அகராதியைப் பாருங்கள். மாதிரிக் கட்டுரையைப் படியுங்கள், ஆனால் அதிலிருந்து வாக்கிய அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கதை உங்களுடையதாக இருக்கட்டும்.

இன்றிரவு பிள்ளையின் ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கும் பெற்றோர், மதிப்பெண்ணைப் பார்க்கும் முன் ஒன்று செய்யலாம். "இதில் என்ன எழுதியிருக்க? படிச்சுக் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள்.