கல்லும் உழவாரமும்



“எல்லாம் தலைவிதி” என்று கைகட்டி இருப்பாரை நாம் காண்கின்றோம். “வாழ்வுக்குப் பொருளே இல்லை” என்று மனம் சோர்வாரையும் காண்கின்றோம். இருவரும் வெவ்வேறு வழியில் சென்றாலும் சேரும் இடம் ஒன்றே. அது செயலற்றுக் கிடத்தல்.

மேலை நாட்டில் இவ்வினா இரண்டாம் உலகப் போரினிடையே கூர்மையாக எழுந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பர் காம்யு, 1942-இல் சிசிபஸ் என்னும் கிரேக்கப் பழங்கதை மன்னனைப் பற்றி நூல் எழுதினார். பெருங்கல்லை மலையுச்சிக்கு உருட்டவேண்டும், உச்சியை அணுகியதும் அது உருண்டு வீழும், மீண்டும் உருட்டவேண்டும். இதுவே அவன் பெற்ற முடிவிலாத் தண்டனை. மனித வாழ்வும் இத்தகையதே எனினும், தளராது கல்லைத் தள்ளுவதிலேயே மனிதன் பெருமை உள்ளது என்றார் காம்யு. 1945-இல் பாரிசு நகரில் சொற்பொழிவாற்றிய சார்த்தர், மனிதன் தன் செயலாலேயே தன்னை ஆக்கிக்கொள்கிறான், அப்பொறுப்பைப் பிறர்மேல் சுமத்த இயலாது என்றார். இருவரும் கடவுளை ஏற்றிலர். எனினும் விதியைக் காட்டி ஒதுங்காத அவர்தம் துணிவு நாம் எண்ணத்தக்கது.

நம் சித்தாந்தம் வினையை மூவகையாகக் கூறும். முன்னே ஈட்டிக் கிடப்பது சஞ்சிதம். இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம். இன்று நாம் செய்து ஈட்டுவது ஆகாமியம். அயலான் துயருறும்போது “அவன் வினை” என்று கடந்து போவோமாயின், அவன் துயர் அவன் வினையேயாயினும், உதவாமை நம் வினையாகிவிடும் அன்றோ? ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார்.

இனி, அப்பரடிகளை நினைப்போம். கல்லொடு பிணித்துக் கடலில் இட்டபோது, அக்கல்லே தெப்பமாய் அவரைத் தாங்கியது என்று பெரியபுராணம் கூறும். அத்தகைய பெருமான் உழவாரப்படை ஏந்தித் திருக்கோயில் தோறும் புல்லைச் செதுக்கினார். மழை பெய்தால் புல் மீண்டும் முளைக்கும், மீண்டும் செதுக்கவேண்டும். முடிவின்மையில் சிசிபஸின் கல்லுக்கும் இப்புல்லுக்கும் வேற்றுமை இல்லை. ஆயினும் அது தண்டனை, இது தொண்டு. திருப்புகலூரில் உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்றின. அவற்றையும் பருக்கைக் கற்களோடு ஒன்றாக வாரிக் குளத்தில் எறிந்தார். கூலி கருதிய பணியாயின் அன்றே முடிந்திருக்கும். அன்பு கருதியதாதலின் தொடர்ந்தது.

வீட்டில் நாள்தோறும் உலையேற்றுவதும், நோயுற்றார் அருகே இரவெல்லாம் விழித்திருப்பதும் மீண்டும் மீண்டும் செய்யும் பணிகளே. “இதனால் என்ன பயன்?” என்று கேட்டுச் சோர்வதை விடுத்து, “இஃது யார்பொருட்டு?” என்று கேட்போம். அவ்வினாவுக்கு விடை கிடைத்த இடத்தில் வாழ்வின் பொருளும் கிடைக்கும். உழவாரம் நம் கையிலும் உளது.

திருச்சிற்றம்பலம்.