வயிற்றுவலியும் நான்கு வரிக் கடிதமும்

(ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஆற்றிய உரை)



ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வயிற்றுவலி என்று என்னிடம் வந்தாள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.) பூச்சி மாத்திரை கொடுத்தேன். இரண்டு வாரத்தில் மறுபடி வந்தாள். வேறு மாத்திரை கொடுத்தேன். மூன்றாம் முறை ஸ்கேன் எடுத்தோம். குறை எதுவும் தெரியவில்லை. “உனக்கு ஒன்றுமில்லை, பள்ளிக்கூடம் போ” என்று அனுப்பிவிட்டேன். அது என் தவறு. அவள் வலி உண்மை. காரணத்தை நான் வயிற்றில் மட்டுமே தேடினேன்.

நான்காம் முறை அவள் அம்மா ஒரு கடிதம் கொண்டுவந்தார். வகுப்பாசிரியை எழுதியது. “ஆறு வாரமாகத் திங்கட்கிழமைகளில் வருவதில்லை. மதிய உணவைப் பாதியில் வைத்துவிடுகிறாள். தோழிகளோடு பேசுவதில்லை. வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் கை நடுங்குகிறது.” நான்கே வரிகள். நோயின் பெயர் எதுவும் இல்லை. ஆனால் ஐந்து நிமிடப் பரிசோதனையில் நான் காண முடியாதவை எல்லாம் அதில் இருந்தன. அன்றுதான் அவளிடம் பொறுமையாகப் பேசினேன். மனப்பதற்றம் வயிற்றுவலியாக வந்திருந்தது.

மனம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு எந்தக் குழந்தையும் மருத்துவரிடம் வருவதில்லை. தலைவலி, வாந்தி, தூக்கமின்மை என்றே வரும். இரத்தசோகை, பார்வைக் குறை, தைராய்டு போன்றவை இல்லை என்று பார்ப்பது எங்கள் முதல் வேலை. அதன்பின் தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புகிறோம். தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் முதலில் திருச்சி மாவட்டம் சேர்க்கப்பட்டது. பெருநகர மருத்துவமனையைத் தேடி ஓடாமல், ஊருக்கு அருகிலேயே சிகிச்சை கிடைக்கவேண்டும் என்பதே நோக்கம்.

இதில் இரண்டு கடிதங்கள் முக்கியம். ஒன்று, நாங்கள் எழுதும் பரிந்துரைக் கடிதம். மற்றொன்று, மனநல மருத்துவர் எழுதும் பதில். பதில் வராவிட்டால் என்ன மருந்து, எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. குழந்தை சற்றுத் தேறியதும் வீட்டில் மருந்தை நிறுத்திவிடுவார்கள். சளி, காய்ச்சலுக்கு என்னிடம்தான் வருவார்கள். விவரம் தெரிந்திருந்தால் அப்போதே விசாரித்துத் தடுக்கலாம்.

மூன்றாவது கடிதம் உங்களுடையது. அதைப் பற்றி மூன்று வேண்டுகோள்கள்.

கண்டதை மட்டும் எழுதுங்கள்; எத்தனை நாளாக என்பதையும் சேருங்கள். நோயின் பெயரை நீங்கள் சூட்ட வேண்டாம்.

பெற்றோரிடம் தனியே பேசி, அவர்கள் கையிலேயே கொடுங்கள். ஆசிரியர் அறையில் அது பேச்சாகிவிடக் கூடாது.

“சாகணும் போல இருக்கு” என்று ஒரு பிள்ளை சொன்னால், எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. தனியே விடாதீர்கள். பெற்றோரை அழைத்து அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அந்த மாணவிக்கு ஆலோசனை மட்டுமே போதுமானதாக இருந்தது. மனநல மருத்துவரின் பதிலில், பெற்றோர் சம்மதத்தோடு, பள்ளிக்கும் ஒரு வரி இருந்தது: கொஞ்ச நாள் இரண்டு மூன்று பேர் நடுவில் மட்டும் வாசிக்கட்டும். ஆசிரியை அப்படியே செய்தார்.

சில மாதம் கழித்துச் சளிக்காக வந்தவளிடம் வயிற்றுவலி பற்றிக் கேட்டேன். “திங்கட்கிழமையும் போறேன் டாக்டர்” என்றாள்.