போகும் நேரமும் வரும் நேரமும்



இலண்டன் மாநகரிலிருந்து நியூயார்க் மாநகர் எவ்வளவு தூரத்தில் உள்ளது? ஏறத்தாழ 5,550 கிலோமீட்டர். பூகோள உருண்டை ஒன்றை எடுத்து, இவ்விரு நகரங்களுக்கும் இடையே நூலொன்றை இழுத்துப் பிடியுங்கள். அந்நூல் அயர்லாந்தின் தென்பகுதியைக் கடந்து, அட்லாண்டிக் மாகடலைத் தாண்டி, கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவின் வழியாகச் செல்லும். அதுவே மிகக் குறுகிய வழி. போவதற்கும் அதே தூரம். வருவதற்கும் அதே தூரம். ஆயினும் நியூயார்க் செல்ல எட்டு மணி நேரம் வரை பிடிக்கும் ஆகாய விமானப் பிரயாணம், திரும்பி வருகையில் ஏழு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதுண்டு. காரணம் யாது?

நிலத்திலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு காற்று ஆறுபோல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனை ஜெட் காற்றோட்டம் என்பர். வெப்ப மண்டலக் காற்றுக்கும் துருவக் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டாலும், பூமியின் சுழற்சியாலும் அது பிறக்கிறது. குளிர்காலத்தில் அதன் வலிமை மிகும்.

தாழப் பறந்த பழைய விமானங்களுக்கும் மேல்காற்று துணையாகவோ பகையாகவோ நின்றது. 1919-ஆம் ஆண்டு ஆல்காக், பிரவுன் என்னும் இருவர் முதன்முதலாக அட்லாண்டிக்கை விமானத்தில் இடைநில்லாது கடந்தனர். நியூபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு, காற்றின் போக்கிலேயே பறந்தனர். காற்றை எதிர்த்து மேற்கு நோக்கி இடைநில்லாது விமானத்தில் கடக்கும் செயல் 1928-ஆம் ஆண்டில்தான் கைகூடியது.

பல ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் இதனை விளக்குகையில், "போகையில் காற்று பறித்துக்கொள்ளும் நேரத்தை வருகையில் திருப்பித் தந்துவிடும், இரு வழியும் சேர்த்துப் பார்த்தால் இலாபமுமில்லை, நட்டமுமில்லை" என்று கூறினேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கணக்கிட்டுப் பார்க்கலாமா?" என்றான். கரும்பலகையில் எழுதினோம்.

விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர். காற்றின் வேகம் 100 என்று கொண்டோம். எதிர்காற்றில் 800 கிலோமீட்டர் வேகம். 6 மணி 56 நிமிடம். துணைக்காற்றில் 1,000, 5 மணி 33 நிமிடம். கூட்டினால் 12 மணி 29 நிமிடம். காற்றே இல்லாவிடில், 12 மணி 20 நிமிடம். ஒன்பது நிமிடம் நட்டம்! எதிர்காற்றில் விமானம் நெடுநேரம் சிக்கியிருக்கிறது. துணைக்காற்றிலோ சிறிது நேரமே இருக்கிறது. ஆதலின் பறித்தது முழுவதும் திரும்புவதில்லை.

அன்று மணி அடித்ததைச் சாக்காகக் கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வகுப்பை விட்டு வெளியேறினேன். இரவெல்லாம் மனம் அமைதி கொள்ளவில்லை. மறுநாள் முதல் வேலையாக, "நேற்று நான் சொன்னது பிழை, இவன் கணக்கே சரி" என்று அவ்வகுப்பில் கூறினேன். மாணவர் முன் என் மதிப்புக் குறையும் என்று அஞ்சினேன்; குறையவில்லை.

ஆனால் அதற்கு முந்திய ஆண்டுகளில் என்னிடம் அப்பிழையைக் கற்றுச் சென்றவர்கள் பலர். அவர்களுள் எவரேனும் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால், இன்று அதனைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இப்பொழுது கேட்கும் இளைஞர்களாகிய நீங்களோ, நான் சொன்னேன் என்பதற்காக இதனை ஏற்க வேண்டா. தாளும் எழுதுகோலும் எடுத்து, நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.