எம்டன் மூழ்கடித்த கண்காட்சி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, “பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுப்பா” என்றார். நூறு வருஷத்துக்கு முந்தைய ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். “திண்டிவனத்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் என்னப்பா சம்பந்தம்?” என்று சிரித்தார். சம்பந்தம் எம்டன் கப்பலில் ஆரம்பிக்கிறது.

“அவன் சரியான எம்டன்” என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அந்த ஜெர்மன் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது தெரிந்த கதை. அடுத்த மாதம் அதே எம்டன் ‘கிளான் கிராண்ட்’ என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அந்தக் கப்பலில் சென்னைக்கு வந்துகொண்டிருந்தது ஒரு கண்காட்சி. பல நாட்டு நகரங்களின் வரைபடங்களும் படங்களும் கொண்டது. ஒரு மனிதர் பல வருஷம் சேர்த்தது, எல்லாம் கடலுக்குள் போய்விட்டது. அவர் பெயர் பாட்ரிக் கெட்டிஸ். அப்போது அவருக்கு வயது 60.

அவரைக் கூப்பிட்டவர் சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு. அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். இங்கே வருவதற்கு முன் 1905 முதல் 1912 வரை ஸ்காட்லாந்து விவகாரங்களைக் கவனித்த மந்திரி. அந்த நாட்டில் அன்று பொதுவாழ்வில் இருந்தவர்களுக்குப் பெரிய தலைவலி, தொழிற்சாலைகளால் பெருத்துப் போன ஊர்களும் அதன் சேரிகளும்.

எடின்பரோவில் வசதியுள்ளவர்கள் புதுநகரம் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மலைமேல் இருந்த பழைய நகரம் ஏழைகளின் இருட்டுக் குடியிருப்பாகிவிட்டது. கெட்டிஸ் தாவரவியல் படித்தவர், பிறகு டண்டீ நகரில் பேராசிரியர். 1886இல் கல்யாணம் ஆனதும் மனைவி அன்னாவோடு அந்தப் பழைய நகரத்திலேயே ஒரு குடியிருப்பில் போய்க் குடியேறினார். அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு வெள்ளையடித்தார், காலி மனைகளில் தோட்டம் போட்டார். 1887இல் மாணவர்களே நிர்வாகம் செய்யும் விடுதி ஒன்றை ஆரம்பித்தார். (நம் ஹாஸ்டல் மெஸ் கமிட்டியை நினைத்து யாரும் சிரிக்கவேண்டாம்!) கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கோபுரத்தை வாங்கி, 1892 முதல் அதைக் காட்சிக்கூடமாக நடத்தினார். உச்சியில் ஏறி ஊரை முழுசாகப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். கீழே இறங்க இறங்க ஸ்காட்லாந்து, ஐரோப்பா, உலகம் என்று ஒவ்வொரு தளமாக விரியும். முதலில் உன் ஊரைப் பார் என்பதுதான் அவருடைய பாடத்திட்டம்.

மூழ்கிய கண்காட்சிக்கு வருவோம். இங்கிலாந்திலிருந்த நண்பர்கள் அவசரமாக வேறு படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுசில் கண்காட்சி நடந்துவிட்டது. பிறகு தஞ்சாவூர், மதுரை என்று ஊர் ஊராக நடந்து அறிக்கை எழுதினார்.

அன்றைய முனிசிபல் என்ஜினியர்களின் வழக்கம் நமக்குத் தெரிந்ததே. நெரிசலான தெருவா? ஸ்கேலை வை, நேராகக் கோடு போடு, குறுக்கே வரும் வீட்டை இடி. தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கு அப்படி ஒரு திட்டம் தயாராக இருந்தது. கெட்டிஸ் ஒவ்வொரு சந்திலும் நடந்து பார்த்துவிட்டு, இருக்கிற சந்துகளைக் கொஞ்சம் அகலப்படுத்தி, மிகவும் பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்தால் போதும், காற்றும் வெளிச்சமும் வந்துவிடும், செலவும் மிகக் குறைவு என்று காட்டினார். இதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் ‘காக்கும் அறுவை’ எனலாம். மருந்துக்கு முன் நோயைக் கண்டுபிடி என்பார். வள்ளுவர் சொல்லாததா?

நான் ஏன் இவரைப் பிடித்துக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

வேலையில் சேர்ந்த நாலாம் வருஷம், ஒரு சிறு நகரத்துக்குச் சாலைத் திட்டம் வரைந்தேன். செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கணினியில் நேராக ஒரு கோடு. இடத்தை ஒரே ஒருமுறை, அதுவும் ஜீப்பில் இருந்தபடி பார்த்தேன். கோட்டின் மேல் ஒரு கிணறு இருந்தது. படத்தில் அது ஒரு வட்டம், அவ்வளவுதான். ஒரே நாளில் இடிசல் கொட்டி மூடினார்கள். அடுத்த கோடையில் மோட்டார் பழுதாகிப் பன்னிரண்டு நாள் குழாயில் தண்ணீர் இல்லை. நான் போனபோது ஒரு பாட்டி குடத்தோடு நின்றுகொண்டு, “ஏம்பா, அந்தக் கெணறு ஒன்ன என்னா பண்ணுச்சு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகுதான் கெட்டிஸின் இந்திய அறிக்கைகளைப் படித்தேன். பழைய கிணறுகளை மூடாதீர்கள், குழாய்த் தண்ணீர் என்றைக்காவது நிற்கும், அன்றைக்கு இவைதான் ஊரின் ஆயுள் காப்பீடு என்ற கருத்தை எழுதியிருக்கிறார். கொசுவுக்குப் பயந்து குளத்தைத் தூர்க்காதே, மீனும் வாத்தும் விடு என்றும் சொல்கிறார். நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அச்சில் இருந்திருக்கிறது. நான் படிக்கவில்லை.

இன்னொன்று சொல்லாமல் விட மனசில்லை. இந்தூரில் பிளேக் பரவியிருந்த சமயம் அவர் தீபாவளி ஊர்வலம் ஒன்றை ஏற்பாடு செய்தார். வழக்கமான பாதை கிடையாது, எந்தத் தெரு அதிகச் சுத்தமோ அதன் வழியாகத்தான் ஊர்வலம் வரும் என்று அறிவித்தார். ஊரே கூட்டிப் பெருக்கியது! ஊர்வலத்தில் பெரிய எலி பொம்மை வந்தது. துப்புரவுத் தொழிலாளர்கள் புத்தாடை உடுத்திப் பூவோடு நடந்தார்கள். எத்தனையோ சுகாதார சர்க்குலர்கள் செய்யாத வேலை அது.

அவர் குறையில்லாதவர் அல்ல. தாடிக்குள்ளேயே முணுமுணுப்பார், மேடையில் பேசுவது பின்வரிசைக்குக் கேட்காது. அவர் எழுதிய திட்டங்களில் பல காகிதத்திலேயே நின்றுவிட்டன. சொந்த வாழ்விலும் அடி. 1914இல் கூடவே வந்த மகன் அலஸ்டர் 1917இல் பிரான்ஸ் போர்முனையில் இறந்தார். அதே வருஷம் அன்னாவும் இந்தியாவிலேயே காலமானார். அதன் பிறகுதான் இந்தூர் அறிக்கையை எழுதி முடித்தார், பம்பாய்ப் பல்கலைக்கழகத்திலும் 1919 முதல் 1924 வரை பேராசிரியராக இருந்தார்.

நம் ஊருக்கும் ஒரு பழைய நகரம் உண்டு. சிறுபாணாற்றுப்படையின் நல்லியக்கோடன் ஆண்ட கிடங்கில்தான் நம் கிடங்கல். நாலு வருஷம் இங்கே படித்தும் நான் அந்தப் பக்கம் காலாற நடந்து பார்த்ததில்லை, தியேட்டருக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும்தான் வழி தெரியும். நாளைக் காலை ஆறரைக்குக் கல்லூரி வாசலிலிருந்து அங்கே நடந்து போகிறேன். குளம், கிணறு, கோட்டை மிச்சம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள உத்தேசம். வருகிறவர்கள் செருப்பு தேய்வதைப் பற்றிக் கவலைப்படாமல் வரலாம். டீ என் செலவு.