விரல் வைத்த வரி



கையருகே ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் இருப்பவர்கள் இரண்டு காலி டப்பாவும் ஒரு பிடி புளியங்கொட்டையும் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கணினியே இல்லாமல் ஒரு கணினியை ஓட்டிப் பார்க்கப் போகிறோம்.

டப்பாக்களுக்கு அ, ஆ என்று பெயர் வைப்போம். தாளில் ஐந்து வரி எழுதுங்கள். முதல் வரி: அ டப்பாவில் 3 கொட்டை போடு. இரண்டாவது வரி: ஆ டப்பாவில் ஒன்று கூட்டு. மூன்றாவதும் அதேதான், ஆ டப்பாவில் ஒன்று கூட்டு. நான்காவது: அ டப்பாவிலிருந்து ஒன்று எடு. ஐந்தாவது வரிதான் குறும்புக்கார வரி: அ டப்பா இன்னும் காலியாகவில்லை என்றால், இந்த வரியிலிருந்து மூன்று வரி மேலே போ.

இனி முதல் வரியில் விரலை வையுங்கள். அது சொல்வதைச் செய்யுங்கள், விரலை ஒரு வரி கீழே இறக்குங்கள். ஐந்தாவது வரிக்கு வந்ததும் அ டப்பாவை எட்டிப் பாருங்கள். கொட்டை இருக்கிறதா? விரல் இரண்டாவது வரிக்குத் தாவட்டும். இப்படி மூன்று சுற்று. கடைசியில் விரல் தாளை விட்டுக் கீழே இறங்கும்போது அ காலி, ஆ டப்பாவில் 6 கொட்டை. தாளில் இருந்தது 5 வரி, நீங்கள் செய்தது 13 வேலை.

மூன்றை இரண்டால் பெருக்கியிருக்கிறீர்கள். ஆனால் பெருக்கு என்ற சொல் தாளில் எங்குமே இல்லை. இதை ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன்.

அந்த ஐந்து வரிகள்தான் அசெம்பிளி மொழி. சிப்புக்குத் தெரிந்தது எண்கள் மட்டும். கூட்டு என்பதற்கு ஓர் எண், தாவு என்பதற்கு ஓர் எண். அதையெல்லாம் மனிதர் மனப்பாடம் செய்து மாளாது என்பதால் சுருக்கப் பெயர்கள் வந்தன. கேம்பிரிட்ஜில் 1949-இல் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினியில் ஒற்றை எழுத்துதான் கட்டளை: கூட்டலுக்கு ஏ, கழித்தலுக்கு எஸ். டேவிட் வீலர் என்ற ஆராய்ச்சி மாணவர் எழுதிய ஒரு குட்டி நிரல் அந்த எழுத்துகளை நாடாவிலிருந்து படித்து எண்ணாக மாற்றிக் கொடுத்தது. இன்று நம் டப்பாவுக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். போடு என்பது மூவ், கூட்டு என்பது இன்க், எடு என்பது டெக், தாவு என்பது ஜம்ப்.

நிரல் எழுதுகிறவர்களுக்குள் பழகிப்போன ஒரு புதிர் உண்டு. இப்படி நாலைந்து கட்டளைகளைக் கொடுத்து, விரல் செய்த வேலையைச் செய்ய ஒரு நிரல் எழுது என்பார்கள். அதுதான் இன்டர்ப்ரிட்டர். கேட்கத்தான் பெரிதாக இருக்கிறது. எந்தெந்த வரிகள், எந்த டப்பாவில் எத்தனை, விரல் இப்போது எந்த வரியில்: இவ்வளவு நினைவில் இருந்தால் போதும். பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதினால் ஒரு பக்கம் நிரம்பாது.

அந்த ஒரு பக்கத்துக்குள்தான் அடி வாங்குவோம். நான் முதலில் எழுதியபோது, நீங்கள் சற்று முன் ஓட்டினீர்களே, அதே கணக்குக்கு 6 வராமல் 4 வந்தது. திட்டும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. சாதுவாக 4 என்று சொல்லிவிட்டு நின்றது. அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. ஒவ்வொரு வரி முடிந்ததும் விரலை ஒன்று இறக்கு என்று எழுதியிருந்தேன். தாவல் வந்தபோது விரல் இரண்டாவது வரிக்கு ஒழுங்காகத்தான் போயிருக்கிறது. போனதோடு, பழக்க தோஷத்தில் இன்னும் ஒன்று இறங்கி மூன்றாவது வரியில் நின்றிருக்கிறது. பரமபதத்தில் பாம்பு கொத்தி இறங்கிய பிறகு, சும்மா இன்னொரு கட்டம் காயை நகர்த்தினால் பக்கத்தில் இருப்பவர் விடுவாரா? இங்கே பக்கத்தில் ஆள் இல்லை.

இன்னொரு இடமும் உண்டு. அ டப்பாவில் 5 போடு என்பதும், ஆ டப்பாவில் எத்தனை உண்டோ அத்தனையை அ டப்பாவில் போடு என்பதும் ஒரே கட்டளை. எண்ணா, டப்பாவின் பெயரா என்று நிரல் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இதை மூவ் கட்டளைக்குக் கவனமாகச் செய்தவர்கள் தாவலுக்குச் செய்ய மறந்துபோவார்கள். புதிர் போடுகிறவர்களுக்கு அது தெரியும். 1 காலியாக இல்லையென்றால் தாவு என்று எங்கேயாவது ஒரு வரியைச் செருகிவைத்திருப்பார்கள். 1 எப்போது காலியாவது!

விளையாட்டாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். இதே வேலையை நம்பி ஒருவர் விமானம் ஏறிய கதையும் இருக்கிறது. 1975 ஜனவரி மாத பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற சிறு கணினியின் படம் வந்தது. அதைச் செய்தது நியூ மெக்சிகோவில் ஆல்பகர்க்கி நகரத்தில் இருந்த எம்ஐடிஎஸ் நிறுவனம். பால் ஆலனும் பில் கேட்ஸும் அவர்களிடம், உங்கள் கணினிக்கு பேசிக் மொழி தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். மொழியில் அப்போது ஒரு வரிகூட எழுதியாகவில்லை. ஆல்டேர் கையில் இல்லை, அதற்குள் இருந்த இன்டெல் 8080 சிப்பும் இல்லை. சிப்பின் கட்டளைகளைச் சொல்லும் கையேடு மட்டும் இருந்தது.

ஆலன் அந்தக் கையேட்டை வைத்துக்கொண்டு, ஹார்வர்டில் இருந்த பிடிபி-10 என்ற பெரிய கணினி 8080 சிப்பாக வேஷம் கட்டும்படி ஒரு நிரல் எழுதினார். நம் விரல்தான், கட்டளைகள் மட்டும் கூடுதல். அந்த வேஷத்தை நம்பி பேசிக் உருவானது. தசமக் கணக்குப் பகுதியை மான்டி டேவிடாஃப் என்ற மாணவர் எழுதினார். காகித நாடாவில் துளைகளாக அதை எடுத்துக்கொண்டு ஆலன் கிளம்பினார். விமானத்தில்தான் ஞாபகம் வந்தது, நாடாவை இயந்திரத்துக்குள் ஏற்றும் சிறு நிரலை யாரும் எழுதவில்லை! அங்கேயே உட்கார்ந்து எழுதினார். ஆல்பகர்க்கியில் நிஜ ஆல்டேரில் ஏற்றி, 2 கூட்டல் 2 என்ன என்று தட்டினார். 4 என்று அச்சாகி வந்தது. என் 4 போல இல்லை, இது சரியான 4. கையேட்டில் ஒரு வரியை ஆலன் தப்பாகப் படித்திருந்தால் அது அன்றைக்கு அந்த அறையில்தான் தெரிந்திருக்கும்.

ஓரமாக வைத்த பெருக்கலுக்கு வருகிறேன். எரிக் வாஸ்டல் என்ற அமெரிக்கர் 2015 முதல் டிசம்பர் மாதத்தில் அட்வென்ட் ஆஃப் கோட் என்ற புதிர் வரிசையை நடத்துகிறார். அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவில் திறக்கும் புதிர் நமக்குக் காலை பத்தரைக்கு வரும், அலுவலகத்தில் டீ வருகிற நேரம். 2016-இல் கதை முழுக்க ஒரு முயலின் சதி. அதனால் அதில் வந்த அசெம்பிளி மொழிக்கு அசெம்பன்னி என்று பெயர். சிரிக்காதீர்கள், முயலுக்கு ஆங்கிலத்தில் பன்னி என்று ஒரு செல்லப் பெயர்.

அந்த மொழியில் ஒன்று கூட்டு, ஒன்று எடு, இவைதான் கணக்கு. 23ஆம் நாள் புதிரில் முதல் டப்பாவில் 7 போட்டு ஓட்டினால் விடை சட்டென்று வரும். இரண்டாம் பகுதியில் 12 போடச் சொன்னார். நிரல் ஓடுகிறது, ஓடுகிறது, டீ குடித்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே நடப்பது பன்னிரண்டைப் பதினொன்றால் பெருக்கி, அதைப் பத்தால் பெருக்கி, இப்படியே இறங்கும் கணக்கு. மொத்தம் 47,90,01,600. அத்தனையும் ஒவ்வொரு புளியங்கொட்டையாக! நூறு கோடி முறைக்கு மேல் விரல் நகர வேண்டும். முயல்கள் பெருகக்கூடியவைதானே என்று புதிரிலேயே ஒரு கிண்டலும் வைத்திருந்தார் வாஸ்டல். தமிழிலும் அந்தச் சிலேடை அப்படியே வந்து உட்கார்ந்துகொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

விரலுக்குத் தான் பெருக்குவது தெரியாது. சற்று முன் உங்கள் விரலுக்கும் தெரியாதுதான். அந்தச் சுற்றுகளைக் காகிதத்தில் எழுதி, இது பெருக்கல் அல்லவா என்று கண்டுகொண்டவர்கள், தங்கள் இன்டர்ப்ரிட்டருக்கு அந்த இடம் வந்தால் ஒரே மூச்சில் பெருக்கிவிடு என்று சொல்லிவைத்தார்கள். விடை கண்ணிமைப்பதற்குள் வந்தது. ஆனால் அதே புதிரில், ஓடும்போதே வேறொரு வரியைத் திருத்திவிடும் கட்டளை ஒன்றும் இருந்தது. கூட்டு என்று இருந்த வரி, அடுத்த முறை பார்த்தால் எடு என்று இருக்கும். ஆகவே எந்த வரியைச் சுருக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று பார்ப்பதற்குள் சிலருக்கு மதியச் சாப்பாடு தள்ளிப்போயிருக்கும்.

டப்பாக்களை இன்னும் எடுத்துவைக்கவில்லையே? ஐந்தாவது வரியில் மூன்று வரி மேலே என்று இருப்பதை நான்கு வரி மேலே என்று திருத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பாருங்கள். அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் மட்டும் இறக்கி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.