சோபாவிலும் சுத்தம் பேணுவோம்



உறங்குமுன் படுக்கையைத் தட்டிவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். நாள்தோறும் அமரும் சோபாவை நாம் என்றேனும் தட்டினோமா? நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களை உண்டு, கண்ணுக்குப் புலப்படாத தூசுப்பூச்சிகள் அதில் பெருகுகின்றன. அவற்றின் கழிவு பல குழந்தைகளுக்கு ஆஸ்துமாவைத் தூண்டுகிறது. விருந்தினருக்காக அழகிய விரிப்பிட்டு மூடினால் அழுக்கு மறையும். பிள்ளையின் மூச்சிரைப்பு மறையுமா?

வாரம் ஒருமுறை இடுக்குகளிலுள்ள தூசியை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். கழற்றக்கூடிய உறைகளை, துணி தாங்குமாயின், 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். குழந்தை சிறுநீர் கழித்தால் உடனே ஒற்றியெடுத்து, நீரால் தூய்மைப்படுத்தி, முழுமையாக உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை படரும்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களின் சுவாசத்தைக் காப்பதும் அந்த அமானிதத்தைப் பேணுவதேயாகும். வல்ல அல்லாஹ் நம் இல்லங்களைத் தூய்மையாக்கி அருள்வானாக! ஆமீன்.