ஐம்பதுக்கு மேலும் ஆடுவோம்

(கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் போனசையும் பேசும் மேடையில் இன்று விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சு என்று எண்ணிவிட வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தோட்டமொன்றில் பொங்கலையொட்டி, ஐம்பது வயதுக்கு மேற்பட்டோருக்குக் கயிறு இழுக்கும் போட்டி வைத்தோம். உச்சி வெயில். காலையில் நிரை முடித்து, பால் நிறுத்துவிட்டு, வெறும் வயிற்றோடு திடலுக்கு வந்தவர்கள் பலர். மூன்றாவது இழுப்பில் ஒரு பெரியவர் கயிற்றை விட்டுக் குந்திவிட்டார். நெஞ்சு அடைக்கிறது, இடக்கை வலிக்கிறது என்றார். உடம்பெல்லாம் வேர்வை. "வாயுதான், சோடா குடித்தால் ஏப்பம் வந்துவிடும்" என்று சொன்னவர்கள் யார்? போட்டியை நடத்திய நாங்களேதான். தைலம் தேய்த்தோம், விசிறினோம். கார் தேடிக் கிளம்புவதற்குள் முக்கால் மணி நேரம் போயிற்று. மருத்துவமனை வாசலோடு சரி. அன்று பரிசுக்கு வாங்கிய துவாலைகள் இன்னும் ஆபீஸ் அலமாரியில் கிடக்கின்றன.

"வயதானவனுக்கு விளையாட்டு எதற்கு?" என்று அன்று பலரும் கேட்டார்கள். அதை நாங்கள் ஒப்பவில்லை. 1941இல் இதே கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தில் நம் முன்னோர் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரைமாரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்பது. அந்தச் சைக்கிளை ஐம்பத்தைந்து வயதில் நாமே மூலையில் சாத்திவிடுவதா? பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங் 2000ஆம் ஆண்டில், 89 வயதில், லண்டன் மாரத்தான் ஓடினார். 2011இல் 100 வயதில் டொராண்டோவில் ஓடி முடித்தார். ஓட்டம் அவரைக் கொல்லவில்லை. 2025 ஜூலையில், 114 வயதில், சொந்த ஊர்ச் சாலையில் கார் மோதித்தான் மாண்டார். கிள்ளான் சாலையில் பொழுது சாய்ந்தபின் விளக்கில்லாமல் சைக்கிள் மிதிக்கும் நம் பெரியவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பூப்பந்து இரட்டையர் தங்கம் வென்ற இந்தோனேசிய வீரர் மார்க்கிஸ் கிடோ, 2021 ஜூனில் பூப்பந்து ஆடும்போதே சாய்ந்து உயிரிழந்தார். வயது 36தான். தங்கம் வென்றவருக்கே அந்தக் கதி. நாமோ, "முப்பது வருடம் மரம் சீவிய உடம்பு, இதற்கென்ன" என்கிறோம். நிதானமாக மரத்துக்கு மரம் நடப்பது வேறு, பந்துக்குத் திடீரென்று பாய்வது வேறு. காண்டா தூக்கிய தோளும், மேடு பள்ளம் ஏறிய முட்டியும் ஏற்கெனவே தேய்ந்தவை. கிராணிமார் நிலை இன்னும் மோசம். ஆறு நாள் நாற்காலி, ஏழாம் நாள் காற்பந்து! எங்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

2013இல் சொக்சோ, 40 வயது எட்டிய சந்தாதாரர்களுக்கு இலவச உடல் பரிசோதனையைத் தொடங்கியது. அன்று வந்த கடிதத்தை உறைகூடப் பிரிக்காமல் போட்டுவைத்தவர்கள் நம்மில் உண்டு. இனிப்புநீரும் இரத்தக் கொதிப்பும் இருப்பது தெரியாமலே திடலில் இறங்குகிறோம். முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு கால் மணி நேரம் நடந்து, கைகால்களை நீட்டி மடக்கி, மெல்லத் தொடங்குங்கள். இனிப்புநீருக்கு மருந்து எடுப்பவர் சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் வைத்திருக்கட்டும்.

மாலையில் இடிச் சத்தம் கேட்டால் ஆட்டம் எந்த நிலையிலிருந்தாலும் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். ரப்பர் மரத்தடி புகலிடமாகாது. 2016 ஏப்ரலில் மலாக்காவில் பயிற்சியின்போது மின்னல் தாக்கிய 18 வயதுக் கோல்காவலர் அடுத்த மாதம் மாண்டார். புகைமூட்ட நாட்களில் ஆட்டமே வேண்டாம். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும்.

நெஞ்சுவலி என்று ஒருவர் சொன்னால் உட்காரவையுங்கள், நடக்கவிடாதீர்கள், உடனே 999ஐ அழையுங்கள். நினைவிழந்து, மூச்சும் நின்றுவிட்டால், 999ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, உதவி வரும்வரை. இதைக் கற்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். அடுத்த பொங்கல் விளையாட்டுக்கு முன் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இருவரை இந்தப் பயிற்சிக்கு அனுப்பட்டும். பெரியவர்களின் போட்டியைக் காலை எட்டு மணிக்கு வையுங்கள். திடலோரம் ஒரு கார் சாவியோடு நிற்கட்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் கொடுக்கலாம்.